ஜோயல் நல்லவனா, கெட்டவனா? ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். வந்திருக்கிற கேள்விகளில் ஒன்றே ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த ஒரு கேள்வி சில நாட்களாக என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எழுதியவர் ஒரு கல்லூரி மாணவர். சுருக்கி வாசிக்கிறேன்: ‘சார், தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தை இப்போதுதான் முடித்தேன். ஹாஸ்டலில் ஒரே சண்டை. ஜோயல் செய்தது சரி என்று பாதிப் பேர், அவன்தான் வில்லன் என்று பாதிப் பேர். நீங்கள் சொல்லுங்கள், அவன் நல்லவனா கெட்டவனா? இன்னொன்று, கடைசியில் அந்தப் பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்கு ஒரு வாய்ப்பே தரவில்லையே, இது கேமின் குறை இல்லையா?’

தம்பி, உங்கள் முதல் கேள்வியை விட இரண்டாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு வருகிறேன். முதலில் கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. முடிவு வரை சொல்லப்போகிறேன், இனிமேல்தான் விளையாடப் போகிறோம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

2013-ல் பி.எஸ்.3 (பிளேஸ்டேஷன் 3) என்ற கேம் கருவிக்காக நாட்டி டாக் நிறுவனம் செய்த கேம் இது. கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை மனிதர்களின் மூளையில் வளர்ந்து அவர்களை வெறிபிடித்தவர்களாக ஆக்கிவிடுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில், நோய் வெடித்த முதல் இரவிலேயே, ஜோயலின் மகள் சாராவை ஒரு ராணுவ வீரன் சுட்டுவிடுகிறான். இருபது வருடம் கழித்து ஜோயல் பாஸ்டனில் கடத்தல் தொழில் செய்கிறான். எல்லி என்ற 14 வயதுப் பெண்ணை நாட்டுக்குக் குறுக்கே கூட்டிக்கொண்டு போகும் வேலை அவன் தலையில் விழுகிறது. கடி பட்டும் அவளுக்கு நோய் வரவில்லை. அவளை வைத்து மருந்து கண்டுபிடிக்கலாம் என்று ஃபயர்ஃப்ளைஸ் என்ற போராளிக் குழு நம்புகிறது. சால்ட் லேக் சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது, மூளையில் வளர்ந்திருப்பதை எடுத்தால் அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் வழியில் வந்தவர்களைக் கொன்று, ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரையும் கொன்று, மயக்கத்தில் கிடக்கிறவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். அவள் கண் விழித்ததும் பொய் சொல்கிறான். உன்னைப்போல நோய் தாக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மருந்து தேடுவதையே ஃபயர்ஃப்ளைஸ் விட்டுவிட்டார்கள் என்று.

ஜோயல் நல்லவனா என்று கேட்டால், இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது, ஏனென்றால் கேமே அதை மறைக்கவில்லை. பிட்ஸ்பர்கில் ஒரு ஆள் அடிபட்ட மாதிரி நடித்துக்கொண்டு உதவி கேட்டு வருவான் இல்லையா, ஜோயல் வண்டியை நிறுத்தவே மாட்டான். அது பொறி என்று எப்படித் தெரியும் என்று எல்லி பிறகு கேட்பாள். நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன் என்பான். அப்படியென்றால் அப்பாவிகளை நிறையக் கொன்றிருக்கிறாயா என்று அவள் கேட்கும்போது அவன் வாயிலிருந்து சரியான பதிலே வராது. வழிப்பறி செய்த ஆள்தான் நம் கதாநாயகன். பாதிக் கதைக்கு முன்பே நமக்கு இது தெரியும், தெரிந்தும் அவனோடு போகிறோம். ஆகையால் ஹாஸ்டல் சண்டையை அந்த அளவில் முடித்துக்கொள்ளலாம்.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். வாய்ப்பு கொடுக்காதது குறையா?

வாய்ப்பு கொடுக்கிற கேம்களை எடுத்துப் பாருங்கள். 2007-ல் வந்த பயோஷாக் நினைவிருக்கும். கடலுக்கு அடியில் ஒரு நகரம், அதில் லிட்டில் சிஸ்டர்ஸ் என்ற சின்னஞ்சிறு பெண்கள். அவர்கள் உடம்பில் ஆடம் என்ற பொருள் இருக்கிறது, நம் சக்திகளை வாங்க அதுதான் பணம். அந்தக் குழந்தையைக் கொன்றால் 160 ஆடம், காப்பாற்றினால் 80. கேட்க எவ்வளவு கனமான தேர்வு! ஆனால் மூன்று குழந்தைகளைக் காப்பாற்றினால் பரிசாக 200 வந்துவிடும். கணக்குப் போடுங்கள். மூவரைக் கொன்றால் 480, மூவரைக் காப்பாற்றினால் 440, கூடவே பரிசுப் பெட்டியில் வேறு சில பொருள்களும் உண்டு. நல்லவனாக இருப்பதற்கு விலை 40. இதில் தர்மசங்கடம் எங்கே இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த கேம்தான், நகரத்தின் வடிவமைப்பைப் பற்றி ஒரு முழு வீடியோவே போட்டிருக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் அது நம்மை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வேன்.

மாஸ் எஃபெக்ட் என்ற கேமில் நாம் பேச வேண்டிய பதில்கள் திரையில் வரும், நல்ல பதில் மேலே, முரட்டுப் பதில் கீழே. இரண்டு ஆட்டம் போனதும் யாரும் பதிலை வாசிப்பதுகூட இல்லை, இடத்தைப் பார்த்து அழுத்திக்கொண்டே போகிறார்கள். எல்லோரும் செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. தேர்வு வரும் இடத்துக்கு முன்னால் சேவ் பண்ணி வைத்துக்கொண்டு, இதை ஒரு தடவை, அதை ஒரு தடவை பார்த்துவிடுவது. ஜோயல் எல்லியை விட்டுவிட்டு வரும் முடிவும் இருந்திருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டு, எது ‘நல்ல எண்டிங்’ என்று தேடிவிட்டுத் தூங்கியிருப்பீர்கள். இப்படி எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

நம் பழைய நேயர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று புரிந்திருக்கும். கேமில் கை முந்தும், மனசு பிந்தும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. ராமன் மறைந்து நின்று வாலியை அடித்தது சரியா என்று நம் ஊரில் பட்டிமன்றம் போட்டுப் போட்டு இன்னும் தீரவில்லை. ஆனால் அதைக் கேட்கிற நாம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். கேமில் அந்த நாற்காலி கிடையாது, அம்பை விட்டது நம் விரல். விட்ட பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறோம்.

ஷேடோ ஆஃப் த கொலாசஸை மறுபடியும் இழுக்கிறேன் என்று சிலர் சிரிப்பீர்கள். இழுக்காமல் முடியாது. 2005-ல் பி.எஸ்.2-க்கு ஃபுமிட்டோ உவெடா இயக்கியது. வாண்டர் என்ற இளைஞன் இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்கத் திருடிய வாளோடு தடைசெய்யப்பட்ட நிலத்துக்கு வருகிறான். 16 ராட்சத உருவங்களைக் கொன்றால் நடக்கும், ஆனால் நீ கொடுக்கும் விலை பெரிது என்று ஒரு குரல் எச்சரிக்கிறது. பரவாயில்லை என்கிறான். அவ்வளவுதான் பேச்சு.

அதில் 13-வது உருவத்தைப் பாருங்கள். பாலைவனத்துக்கு மேலே பாம்பு மாதிரி நீளமாகப் பறந்துகொண்டிருக்கும். அது நம்மை ஒரு தடவைகூடத் தாக்காது. நாம்தான் குதிரையில் துரத்தி, அம்பால் அதன் காற்றுப் பைகளை ஓட்டை போட்டு, அது தாழ இறங்கும்போது தாவி ஏறி, ரோமத்தைப் பற்றிக்கொண்டு போய் வாளை இறக்குகிறோம். விழும்போது வெற்றி மேளம் கிடையாது, துக்க வீட்டு இசை மாதிரி ஒன்று ஒலிக்கும். அதன் உடம்பிலிருந்து கறுப்பாக ஏதோ கிளம்பி வந்து வாண்டருக்குள் புகும். ஆட்டம் போகப் போக அவன் முகம் வெளிறும், முடி கறுக்கும். யாரும் எதையும் விளக்க மாட்டார்கள்.

இங்கே கவனியுங்கள். அந்த ஆட்டம் முழுக்க நம் விரல் ஆர்1 பட்டனை விடவே விடாது. ரோமத்தைப் பிடிப்பது அந்தப் பட்டன்தான். அது உதறும், நாம் பிடித்துக்கொண்டே இருப்போம். கடைசியில் ஒரு சுழல் வாண்டரைப் பின்னால் இழுக்கும்போதும் கன்ட்ரோல் நம் கையில்தான் இருக்கிறது. அதே ஆர்1, இப்போது படிக்கட்டைப் பிடித்துக்கொள்ள. எவ்வளவு நேரம் பிடித்தாலும் தப்ப முடியாது. ஆனால் பிடிப்போம், எல்லோரும் பிடித்திருக்கிறோம். அவன் செய்தது தப்பு என்று புரிந்த பிறகும் அவன் விடக் கூடாது என்று நம் விரல் நினைக்கிறது பாருங்கள், நீங்கள் தேடுகிற குழப்பம் அங்கேதான் இருக்கிறது. எந்த வாய்ப்பும் தராமலே அதை நமக்குள் இறக்கிவிட்டார்கள்.

துப்பாக்கி, வாள் எதுவும் வேண்டாம் என்றால் பேப்பர்ஸ் ப்ளீஸ் இருக்கிறது. லூகாஸ் போப் தனி ஆளாகச் செய்து 2013-ல் வெளியிட்டது. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஒரு அதிகாரி. காகிதத்தைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். ஒழுங்காகப் பார்த்தனுப்பும் ஆளுக்கு 5 கிரெடிட் கூலி. சாயந்திரம் வாடகை, சாப்பாடு, குளிர் காய்வதற்கான செலவு எல்லாம் அதிலிருந்துதான். ஒரு கணவன் வருகிறான், காகிதம் சரியாக இருக்கிறது. அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். அவளிடம் நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். அன்றைக்கு அந்த எச்சரிக்கைகளை ஏற்கெனவே கவனக்குறைவில் செலவழித்திருந்தால், அவள் முகத்தைப் பார்க்கும்போதே மனசுக்குள் 5 கிரெடிட் ஓடுகிறது. சில நாள் விளையாடினால் ஆளை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே கை, அனுமதி மறுக்கும் சிவப்பு முத்திரைக்குப் போய்விடும். அந்த அதிகாரிக்குப் பெயர்கூட இல்லை. அவன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, ஆனால் எனக்கு ஜோயலைவிட அவன் பயங்கரமானவன்.

சரி, ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம்.

இந்தக் கட்டத்தை நான் மறுபடி விளையாடிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து என் அத்தை வந்திருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டார், சொன்னேன். ஜோயலைப் பற்றியோ துப்பாக்கியைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘ஏன்டா, யாரு கையெழுத்துப் போட்டது?’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. ‘ஆபரேஷனுக்குடா. கையெழுத்து இல்லாம டேபிள்ல ஏத்த மாட்டோம். அந்தப் பொண்ணு மைனர், அப்போ பெரியவங்க போடணும். யாரு அவளுக்குப் பெரியவங்க?’

அத்தை அதோடு விடவில்லை. அந்தக் காலத்தில் நடுராத்திரியில் நோயாளியோடு வந்தவர்களைத் தேடிப் பிடித்து, தூக்கத்தில் இருக்கிற தாத்தாவை எழுப்பி, விஷயத்தை அவருக்குப் புரியும்படி சொல்லி, கைநாட்டு வாங்கியதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு வயதானவர் விரலை மையில் வைத்துவிட்டு, ‘அவகிட்ட கேட்டீங்களா?’ என்று கேட்டாராம், மனைவியைப் பற்றி. அப்புறம் வார்டுக்குத் திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார்களாம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததில் என் ஆட்டம் நிறுத்தி வைத்தபடியே கிடந்தது.

ஆனால் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கேமை மறுபடி பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. அந்த ஆஸ்பத்திரியில் மார்லீனின் குரல் பதிவுகள் கிடைக்கும், பலர் எடுக்காமலே ஓடிவிடுவார்கள். மார்லீன்தான் ஃபயர்ஃப்ளைஸின் தலைவி. எல்லியின் அம்மா அன்னாவுக்குத் தோழி, இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று அன்னா ஒப்படைத்தது அவளிடம்தான். ஆபரேஷனுக்குத் தன்னிடம் அனுமதி கேட்டதே வெறும் சம்பிரதாயம், மறுக்கும் நிலையில் தான் இல்லை என்கிற மாதிரி அந்தப் பதிவில் பேசியிருப்பாள். ஆக, அத்தை கேட்ட கையெழுத்து அவளுடையது. தான்தான் பெரியவள் என்று மார்லீன் நினைக்கிறாள், நான்தான் என்று ஜோயல் நினைக்கிறான். வரும் வழியில் தண்ணீரில் மூழ்கி மயங்கிய எல்லியை இருவரும் எழுப்பவே இல்லை. இத்தனையும் வீணாகப் போகக் கூடாது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவளே ஜோயலிடம் சொல்லியிருந்தாள். கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை, தெரிந்ததால்தான் பொய்யும் சொன்னான். துப்பாக்கிச் சூட்டை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தப் பொய்யை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாய்ப்பே தரவில்லை என்றீர்களே தம்பி, அந்தத் தியேட்டருக்குள் உண்மையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. டாக்டர் கத்தியை நீட்டிக்கொண்டு குறுக்கே நிற்பார், அவரைக் கொல்லாமல் ஆட்டம் நகராது. ஆனால் கூட இருக்கிற மருத்துவ உதவியாளர்களை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் பயந்து ஒதுங்கி நிற்கிறார்கள். திரையில் எந்தக் குறியும் வராது, சுடு என்றும் வராது, விடு என்றும் வராது. பலர் அவர்களையும் சுட்டுவிடுகிறார்கள். முந்தைய அறைகளில் சுட்டுச் சுட்டு வந்த கை நிற்கவில்லை. கவனமாகப் பாருங்கள், டாக்டரைக் கொல்வது நம் கை. கொஞ்ச நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் மார்லீனைச் சுடுவது கட்சீன், அதாவது நாம் இயக்காமல் தானாக ஓடும் காட்சி, அங்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கலாம். எதை நம் கையில் கொடுக்க வேண்டும், எதை நம் கையிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்று செய்தவர்கள் ஒவ்வொரு இடத்திலும் யோசித்திருக்கிறார்கள்.

அதனால்தான் நீங்கள் வேறொரு கேள்வியைக் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஏக்கம். கடைசி ஐந்து நிமிடம் ஏன் எல்லியை நம் கையில் கொடுத்தார்கள்?

இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஆஸ்பத்திரி முடிந்து ஜாக்சன் என்ற ஊர்ப் பக்கம் வந்ததும் நாம் ஜோயல் இல்லை. ஜோயல் முன்னால் நடக்கிறான், நாம் எல்லியாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகிறோம். சண்டை கிடையாது, நடப்பது மட்டும்தான். அவன் சாராவைப் பற்றி இயல்பாகப் பேசுகிறான், நீங்கள் இருவரும் நல்ல தோழிகளாகியிருப்பீர்கள் என்கிறான். அதுவரை மகள் பெயரை யாராவது எடுத்தாலே கடுகடுக்கிற ஆள், இப்போது கலகலப்பாக வருகிறான். பின்னால் வருகிறவளோ பேச்சில்லாமல் வருகிறாள். இப்போது ஆட்டத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். முதன்முதலில் நம் கையில் வந்தது யார்? ஜோயல் இல்லை, சாரா. இருட்டில் எழுந்து அப்பாவைத் தேடி வீட்டுக்குள் நடந்தோமே, அது சாராவாகத்தான். அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஜோயலாக மாறினோம். ஆஸ்பத்திரியில் எல்லியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது நம் உடம்புக்கே அந்த ஓட்டம் பழக்கமாக இருக்கிறது, அதனால் அது சரியென்றே படுகிறது. உடனே நம்மை அவன் தோளிலிருந்து இறக்கி, பொய்யைக் கேட்கிறவளுக்குள் வைத்துவிட்டார்கள். நீ சொன்னதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய் என்கிறாள். செய்கிறான். சுட்டதும் நாம்தான், ஏமாற்றப்பட்டதும் நாம்தான். இதற்குப் பதிலாக இரண்டு பட்டன் கொடுத்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றிருந்தால் இது நடந்திருக்குமா?

2020 ஜூனில் வந்த இரண்டாம் பாகம் இதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்யப் பார்த்தது. ஜோயலைக் கொல்கிற ஆபி, அந்த டாக்டரின் மகள். பாதி ஆட்டத்துக்கு மேல் அவளை நம் கையில் கொடுத்து, ஒரு நாடக அரங்கில் எல்லியையே நாம் அடிக்கும்படி வைத்தார்கள். அந்த ஒரு சண்டையில் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு, அந்த அளவுக்கு வேலை செய்தது. ஆனால் எனக்கு முதல் பாகம்தான் மேல். இரண்டாவது சில இடங்களில் நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது. எல்லியாக ஆபியின் கூட்டத்து நாய்களைக் கொல்ல வைத்துவிட்டு, பிறகு ஆபியாக அதே கூட்டத்து நாயோடு விளையாட வைப்பது போல. அந்த இடத்தை எனக்குச் சுட்டிக்காட்ட வேண்டியதே இல்லை, நானே போய்ச் சேர்ந்திருப்பேன்.

இதையொட்டியே இன்னொருவர், இதே கதையை வைத்து 2023-ல் வந்த எச்.பி.ஓ. சேனலின் தொடரைப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறார். தொடர் நல்ல தொடர். ஆஸ்பத்திரிக் காட்சியில் சத்தத்தை அடக்கி, இசையை மேலே ஏற்றி, ஜோயலை நாம் வெளியிலிருந்து பார்க்கும்படி எடுத்திருக்கிறார்கள். பார்க்கும்போது அவன் மேல் பயம் வருகிறது. ஆனால் நம்மைப் பார்த்து நமக்குப் பயம் வருவதில்லை. அதனால் முடிந்தவர்கள் விளையாடுங்கள். பழைய பி.எஸ்.3 தேட வேண்டாம், 2022-ல் பி.எஸ்.5-க்கு முதல் பாகத்தையே புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள், 2023 மார்ச்சில் கணினிக்கும் வந்துவிட்டது. தம்பி, உங்கள் ஹாஸ்டலில் இன்னும் முடிக்காதவர்கள் இருந்தால், ஆபரேஷன் தியேட்டருக்குள் ஓரமாக நின்றவர்களை அவர்கள் என்ன செய்தார்கள் என்று முடித்தவுடனே கேட்டு எனக்கு எழுதுங்கள். ஜோயல் சரியா தப்பா என்று முதலில் கேட்டுவிடாதீர்கள்.